நிலநடுக்கத்தில் தானாக மூடும் எரிவாயு வால்வு சேலத்து வீட்டுக்குத் தேவையா?

கேட்டவர் சேலம் அழகாபுரத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவையும் வாங்கிச் சீர்செய்து விருந்தினர்களுக்கு விடுகிறார். லாஸ் ஏஞ்சலிஸில் வசிக்கும் மகள், தன் வீட்டு கேஸ் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வு நிலநடுக்கம் வந்தால் தானாகவே மூடிக்கொள்ளும் என்றும், அதேபோல் இரண்டு வாங்கி அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். அதைச் சேலத்து பிளம்பரால் மாட்ட முடியுமா, மாட்டுவதில் பயன் உண்டா என்று கேள்வியை எழுதியிருக்கிறார். அவருடைய உண்மையான கவலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நிலம் ஆடினால் எரிவாயுவை நிறுத்துவது யார் என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். வால்வை மாட்ட முடியுமா என்பதும் மாட்டினால் அந்தக் கவலை தீருமா என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதால், இரண்டாவதையே முதலில் பார்க்கிறேன்.

நான் சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அடுக்குமாடிகளுக்கும் உணவகங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கேஸ் லைன் இழுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன், படித்தது இயந்திரவியல். குழாய், வால்வு, கசிவு ஆகியவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். நிலம் எப்படி ஆடும், உங்கள் கட்டடம் அதை எப்படித் தாங்கும் என்பவை நிலவியலாளரும் கட்டமைப்புப் பொறியாளரும் சொல்ல வேண்டியவை. அந்த இடங்களில் தரநிலை ஏடுகளில் உள்ளதை வைத்தே எழுதுகிறேன். என் ஊகம் கலக்கும் இடத்தில் ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

அந்த வால்வுகளில் பரவலான வகையின் அமைப்பு மிக எளிமையானது. குழாயோடு இணையும் உலோக உடலுக்குள், வளையலின் மேல் நிறுத்திய முட்டையைப் போல, ஒரு சிறு மேட்டின்மேல் எஃகுக் குண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். தரை பக்கவாட்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆடினால் குண்டு மேட்டைவிட்டு உருண்டு, கீழேயுள்ள துளையில் விழுந்து அதை அடைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் வாயுவின் அழுத்தமே அதை அங்கே பிடித்து வைத்திருக்கும். வேறு சில வகைகளில் குண்டு விழுந்து கொக்கியை விடுவிக்க, விசை ஒரு மூடியைத் தள்ளி வழியை அடைக்கும். மின்சாரமோ பேட்டரியோ வேண்டியதில்லை என்பதால், நிலநடுக்கத்தோடு மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும். எந்த வகையானாலும் மூடியது தானாகத் திறக்காது. ஒருவர் கையால் திருப்பி வைத்த பிறகே வாயு மறுபடி ஓடும்.

இந்த வால்வுக்கு ஆட்டம் தெரியுமே தவிர, வாயு கசிகிறதா இல்லையா என்பது தெரியாது. ஆட்டம் போதுமானதாக இருந்தால் கசிவே இல்லாவிட்டாலும் மூடும். ஆட்டம் இல்லையென்றால் வீடு முழுக்க வாயு நிறைந்தாலும் திறந்தே கிடக்கும். நம் ஊர்க் கடைகளில் ‘ஆட்டோமேட்டிக் கேஸ் சேஃப்டி’ என்ற பெயரில் விற்கும் பொருள்கள் வேறு இரண்டு வகை. ஒன்று, டியூப் பிடுங்கிக்கொண்டோ அறுந்தோ வாயு திடீரென்று பீறிடும்போது ஓட்டத்தின் வேகத்தால் மூடிக்கொள்வது. வாஷர் தேய்ந்து மெல்லக் கசிந்தால் அது கண்டுகொள்ளாது. மற்றொன்று, காற்றில் கலந்த வாயுவை சென்சார் உணர்ந்து மின்காந்த வால்வை மூடவைப்பது. நிலநடுக்க வால்வு என்று நினைத்து இவற்றை வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி வாங்கியதால் அவர்களுக்கு நட்டம் ஏதும் இல்லை. நிலம் ஆடாமலே வாயு வெளியேறினாலும் இவை தத்தம் வகைக்கேற்ப மூடும்.

லாஸ் ஏஞ்சலிஸில் இந்த வால்வு ஏன் இத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1994 ஜனவரி 17 அன்று அதிகாலையில் அந்நகரின் நார்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. எரிவாயுக் குழாய்கள் உடைந்தும் தண்ணீர்க் கொதிகலன்கள் சாய்ந்தும் பல இடங்களில் தீப்பிடித்தது. அதன்பின் அந்நகரம் புதுக் கட்டடங்களுக்கு இந்த வால்வைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. பிறகு வீடு கைமாறும்போதும் இருக்க வேண்டும் என்றது. அதே நிலநடுக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. ஏறத்தாழ 1,50,000 இணைப்புகளில் வாயு நின்றுபோனது. அவற்றில் பெரும்பகுதி கசிவு எதுவும் இல்லாமலேயே வீட்டார் பயந்து தாங்களே மூடியவை. ஒவ்வொரு வீடாக ஆள் போய்ச் சோதித்துத் திறக்கப் பல நாள் பிடித்தது. தானாக மூடும் கருவியை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இன்றுவரை இந்த நிகழ்வைத்தான் தங்கள் தங்கள் பக்கத்துக்கு எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஜப்பானியர்கள் தனி வால்வாக வைக்காமல் வீட்டு மீட்டருக்குள்ளேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவில் மதிய உணவு சமைக்கும் நேரத்தில் நிலம் நடுங்கியதும், இடிபாட்டைவிடத் தீயில் செத்தவர்கள் அதிகம் என்பதும் அவர்கள் நினைவில் ஆழப் பதிந்தவை. அங்குள்ள மீட்டர் ஏறத்தாழ 0.2 ஜி ஆட்டத்தில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு, வாயுவை நிறுத்திவிடும். பிறகு வீட்டார் அடுப்புகளை மூடிவிட்டு மீட்டரின் பொத்தானை அழுத்த வேண்டும். மீட்டர் மூன்று நிமிடம் போலத் தானே கசிவைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் திறக்கும். என் தொழிலில் பார்த்து பொறாமைப்பட்ட ஏற்பாடு இது.

இனிச் சேலத்து மண்ணுக்கு வருவோம். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893, அதன் 2002, 2016 பதிப்புகளில் நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. அந்தப் பதிப்புகளில் சென்னை, கோவை, வேலூர் ஆகியவற்றோடு சேலமும் மூன்றாம் மண்டலத்தில் வந்தது. மதுரையும் திருச்சியும் இரண்டில். மூன்றாம் மண்டலத்துக்கான காரணி 0.16, அதாவது மிகக் கடுமையானதாகக் கருத வேண்டிய நிலநடுக்கத்தில் தரைக்கு 0.16 ஜி என்பது கணக்கு. சாதாரண வீடுகளை வடிவமைக்க அதில் பாதியையே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எண்ணை ஜப்பானிய மீட்டரின் 0.2 ஜியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பகுதிக்குத் தரநிலை எதிர்பார்க்கும் கடும் ஆட்டத்திலும், தரைமட்டத்தில் மாட்டிய அத்தகைய கருவி மூடாமலே இருந்துவிட இடம் உண்டு. இந்த வால்வை நான் சேலத்தில் யாருக்கும் வலியப் பரிந்துரைக்காததற்கு முதற்காரணம் இதுவே.

உறுதியான பகுதி இத்துடன் முடிகிறது. வரைபடத்தில் உள்ள மண்டலம் யாருக்கும் உத்தரவாதம் அல்ல. 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் பகுதியை நிலநடுக்கம் தாக்கியபோது, அன்றைய வரைபடத்தில் அது மிகப் பாதுகாப்பான முதல் மண்டலத்தில் இருந்தது. நம் கொங்குப் பக்கத்திலேயே 1900 பிப்ரவரியில் கோவையை மையமாகக் கொண்டு ஆறு அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்திருக்கிறது. 2018 ஜூலையில் சேலம், தருமபுரி மாவட்டங்களில் மக்கள் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்தது பலருக்கு நினைவிருக்கும். அது மூன்றை ஒட்டிய சிறு அதிர்வு, எந்த வால்வையும் அசைத்திருக்காது. மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சேலத்தின் பெரும்பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும், அது நல்லது. ஆனால் ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடங்களும் திருமணிமுத்தாற்றை ஒட்டிய பகுதிகளும் ஆட்டத்தைக் கூட்டிக் காட்டக்கூடும். மாடி ஏற ஏறவும் ஆட்டம் கூடும். உங்கள் மனையில் எவ்வளவு என்பதை மண் பரிசோதனை செய்த பொறியாளரிடம் கேளுங்கள்.

இப்போது உங்கள் அழகாபுரம் வீடு. குழாய் எரிவாயு இணைப்பு வரும்வரை சிலிண்டர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சிலிண்டர் வைத்த வீட்டில் நிலநடுக்க வால்வுக்கு வேலை இல்லை என்று தயங்காமல் சொல்வேன். மகளின் வீட்டில் வாயு தெருவிலிருந்து இரும்புக் குழாயில் வருகிறது; அந்தக் குழாய் வீட்டுக்குள் எங்கே உடைந்தாலும் தெருவில் இருப்பது முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும், அதனால் நுழைவாயிலில் காவல் தேவை. நம் வீட்டில் 14.2 கிலோ எரிவாயு அடுப்புமேடைக்கு அடியிலேயே நிற்கிறது. ஆட்டத்தில் சிலிண்டர் சாய்ந்தால் அடிபடுவது சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், டியூபின் முதல் முனை ஆகிய மூன்றும். நீங்கள் வால்வை எங்கே மாட்டினாலும் அது இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வரும். சேதம் அதற்கு முன்னாலேயே நடந்திருக்கும். போதாததற்கு, அந்த வால்வு அசையாத சுவரில் இறுக்கமாகப் பிடிக்கப்பட்ட குழாயில் இருக்க வேண்டியது. ரப்பர் டியூபின் நடுவே அதைத் தொங்கவிட்டால், சிலிண்டரை மாற்ற வரும் தம்பி முழங்கையால் இடித்தாலே மூடிக்கொள்ளும். டியூபை நடுவில் வெட்டி வேறு பொருளைச் செருகுவதே தவறு. கேஸ் ஏஜென்சியிலிருந்து ஆய்வுக்கு வருபவர் பார்த்தால் கழற்றச் சொல்வார்.

அதற்குப் பதில் அந்த வீட்டில் செய்ய வேண்டியவை சாதாரணமானவை, செலவும் குறைவு. மேடைக்கு அடியில் சிலிண்டர் நிற்கும் இடத்தில் சுவரில் இரண்டு ஆணி வளையம் அடித்து, சிலிண்டரின் இடுப்பளவில் ஒரு சங்கிலியோ பட்டையோ கட்டுங்கள். சிலிண்டர் மாற்றும்போது கழற்ற எளிதாகக் கொக்கி இருக்கட்டும். எஃகுக் கம்பி வலை உள்ளே ஓடும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை, அதில் அச்சிட்டுள்ள ஆண்டைப் பார்த்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது, சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குக் கொண்டுபோகக் கூடாது. இரவிலும், வீட்டைப் பூட்டும்போதும் ரெகுலேட்டரை மூடுங்கள். ஆள் இல்லாத வீட்டில் நிலம் ஆடினால் என்ன ஆகும் என்ற உங்கள் கவலைக்கு, சிலிண்டர் வீட்டில் முழுமையான விடைக்கு மிக நெருக்கமானது இந்தப் பழக்கம்தான். ரெகுலேட்டர் மூடியிருக்கும்போது டியூப் அறுந்தாலும் வாயு வெளியே வராது. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருபவர்கள்கூட அடுப்புக் குமிழை மட்டும் திருகிவிட்டுப் போவதை ஏராளமாகப் பார்க்கிறேன்.

குழாய் எரிவாயு வந்த பிறகு நிலைமை மாறும். அப்போது உங்கள் வீடும் மகள் வீட்டைப் போல் தெருக் குழாயோடு இணைந்ததாகிவிடும். மீட்டரை அடுத்து ஒரு நிலநடுக்க வால்வு இருப்பதில் தர்க்கம் உண்டு, மேலே சொன்ன 0.16 கணக்கால் பயன் சிறிது என்றாலும். ஆனால் மீட்டர்வரை உள்ள குழாய் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. அவர்களுக்குத் தெரியாமல் பிளம்பரை வைத்து வெட்டி இணைக்காதீர்கள். எழுத்தில் அனுமதி கேளுங்கள், அவர்கள் ஆளே மாட்டட்டும். மாட்டாவிட்டாலும் மீட்டருக்கு அருகில் ஒரு கைவால்வு இருக்கும். அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் காட்டிவையுங்கள். இன்னொன்றும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். குழாயில் வருவது காற்றைவிட லேசானது, கூரைக்கு ஏறும். சிலிண்டர் காலத்தில் தரைக்கு அருகே பொருத்திய சென்சாரை அப்படியே விட்டுவிட்டுக் குழாய் இணைப்புக்கு மாறினால், அந்தச் சென்சார் சுவர் அலங்காரம்தான்.

என் கருத்தில் யோசிக்க வேண்டிய இடம் ஏற்காட்டு பங்களா. வெளியே ஒரு கொட்டகையில் நான்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்கள், அவற்றை ஒன்றாக்கும் குழாய், அங்கிருந்து சமையலறைக்கும் வெந்நீர் கீசருக்கும் நீளும் இரும்புக் குழாய் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரநாட்களில் காவலாளி மட்டும்தான், அவரும் எஸ்டேட் பக்கம் போய்விடுவார் என்கிறீர்கள். சேர்வராயன் மலையில் நிலநடுக்கத்தைவிட நிச்சயமாக வரக்கூடியது மண்சரிவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை எப்படி அறுந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். சரிவில் மண் மெல்ல நகர்ந்து கொட்டகையையும் வீட்டையும் இணைக்கும் குழாயை இழுத்தால், நிலநடுக்க வால்வு அசையாது. அது வேகமான ஆட்டத்துக்குத்தான் விழும், மெல்லிய நகர்வுக்கு விழாது. ஆகவே அங்கே முதலில் செய்ய வேண்டியது, கொட்டகைச் சுவரும் வீட்டுச் சுவரும் சந்திக்கும் இடத்தில் இறுகிய குழாய்க்குப் பதில் அங்கீகரிக்கப்பட்ட வளையும் உலோகக் குழாய் ஒரு துண்டு போடுவது. அடுத்து, சமையலறையிலும் கீசர் இடத்திலும் தரையை ஒட்டிச் சென்சார் வைத்து, கொட்டகையிலேயே குழாய் தொடங்கும் இடத்தில் மின்காந்த வால்வை மூடவைப்பது. மின்சாரம் போனால் அது மூடிய நிலைக்குப் போகும் வகையாக இருக்க வேண்டும். ஏற்காட்டில் மின்சாரம் எத்தனை தடவை போகும் என்பது உங்களுக்கே தெரியும், சமையல்காரர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை. கடைக்காரர் ‘மின்தடையிலும் திறந்தே இருக்கும்’ என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். சிலிண்டர் வரிசைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 6044 முதல் பகுதி. ஒப்பந்தக்காரரிடம் அதன்படி செய்ததாக எழுதி வாங்குங்கள். இவ்வளவும் செய்த பிறகு கையில் பணம் மிஞ்சினால், ரெகுலேட்டருக்கு அடுத்த குறைந்த அழுத்தப் பகுதியில் நிலநடுக்க வால்வையும் சேர்க்கலாம், தீங்கில்லை.

சேர்ப்பதானால் மகள் அனுப்புவதை அப்படியே மாட்டாதீர்கள். அமெரிக்கக் குழாய் மறையும் (முனையில் வெட்டிய திருகுவரி) நம் குழாய் மறையும் வேறு. ஏமாற்றுவது எதுவென்றால், அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு மறைதான். அதனால் நம் ஊர் ஜிஐ குழாயில் அந்த வால்வு அழகாக ஏறும், இரண்டு மூன்று சுற்று கையாலேயே போகும், ரென்ச் போட்டால் இறுகவும் செய்யும். ஆனால் அவர்கள் மறையின் கோணம் 60 டிகிரி, நம்முடையது 55. உள்ளே உலோகமும் உலோகமும் முழுதாக உட்காராமல், மறையோடு சுருண்டு ஓடும் மெல்லிய இடுக்கு ஒன்று மிஞ்சும். டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றி அதை மறைத்துவிட முடியும்; அன்றைய சோப்புத் தண்ணீர்ச் சோதனையில்கூடக் குமிழி வராமல் போகலாம். வெயிலிலும் பனியிலும் குழாய் நீண்டு சுருங்கச் சுருங்க, அந்த டேப் தளர்ந்து கசியத் தொடங்கும். பாதுகாப்புக்கென்று போட்ட பொருளே கசிவுக்கு வாசலாகிவிடும். இரண்டு மறையையும் சேர்க்கும் முறையான இணைப்பி இருந்தால், அல்லது நம் மறையிலேயே செய்த வால்வு கிடைத்தால் மட்டுமே தொடுங்கள். எல்பிஜிக்கு ஏற்றது என்று அதன் உடலிலோ ஏட்டிலோ இருக்கிறதா, எவ்வளவு அழுத்தம்வரை தாங்கும் என்பதையும் பாருங்கள். குறைந்த அழுத்தத்துக்கான வால்வைச் சிலிண்டர் பக்க உயரழுத்தக் குழாயில் போடவே கூடாது.

மாட்டும்போது வாயு செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறி, படுக்கையா நிமிர்ந்தா என்ற நிலை, ரசமட்டம் ஆகிய மூன்றும் பிசகக் கூடாது. வால்வின் இரு பக்கமும் குழாயைக் கட்டடத்தின் சுவரோடு கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும். காம்பவுண்டுச் சுவரிலோ கேட் தூணிலோ போட்டால், கேட்டை அறைந்து சாத்தும்போதெல்லாம் மூடிக்கொள்ளும். கல்குவாரி வெடி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வெடியின் அதிர்வு மிக விரைவான, சிறிய நடுக்கம். நிலநடுக்கத்தின் ஆட்டம் அதைவிட மெதுவானது, நீண்டது. நல்ல தரநிலைப்படி செய்த வால்வு இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டே அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே தொலைவில் வெடிக்கும் குவாரியால் தொல்லை வராது என்றே எதிர்பார்க்கிறேன். வீட்டுச் சுவரை ஒட்டி போர்வெல் போட்டால் மூடலாம் என்பது என் ஊகம்.

கடைசியாக, உண்மையாகவே நிலம் ஆடி வால்வு மூடிவிட்டால் யார் அதைத் திறப்பது என்பதை இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். காவலாளி சாவியைத் திருப்பித் திறந்துவிட்டு டீ போட்டால், வால்வு செய்த காரியம் வீண். அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: சிலிண்டர்கள் எல்லாவற்றையும் வாயிலேயே மூடு, கதவு ஜன்னலைத் திற, மின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், வாசனை வந்தால் வெளியே வந்து நின்று 1906க்கு அழை. குழாயைச் சோப்புத் தண்ணீர் வைத்து மூட்டு மூட்டாகப் பார்த்த பிறகு, லைன் போட்டவர் கையாலேயே வால்வைத் திறக்கட்டும். மலைப்பாதை அடைபட்டு அவர் வர இரண்டு நாள் ஆனாலும், அதுவரை பங்களாவில் விறகடுப்புச் சமையல் நடக்கட்டும்.